துரு நீக்கும் அமிலத்தையா குடிக்கிறோம்?

ஆணிவேர்: கோலாவில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம். இரும்பில் துரு நீக்கவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். துருப்பிடித்த ஆணி ஒன்றைக் கோலாவில் ஊறப் போட்டிருக்கிறேன், துரு கழன்று வருகிறது. இதை வயிற்றுக்குள் ஊற்றலாமா?

குமிழி: எலுமிச்சைச் சாற்றில் போட்டாலும் துரு போகும். கோலாவின் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் காட்டம்) சுமார் 2.5, எலுமிச்சைச் சாறும் கிட்டத்தட்ட அதேதான். வெறும் வயிற்றில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டையும் விடக் காட்டமானது. கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் லிட்டருக்கு அரை கிராம் அளவுதான். துரு நீக்கியில் பல மடங்கு.

ஆணிவேர்: வயிறு தாங்கும், சரி. போகிற வழியில் பல் இருக்கிறதே! பிஎச் 5.5க்குக் கீழே போனாலே எனாமல், அதாவது பல்லின் மேலுறை, கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றை யாரும் மடக்மடக்கென்று குடிப்பதில்லை. கோலாவை மட்டும் எப்படிக் குடிக்க முடிகிறது? 330 மில்லி கேனில் 35 கிராம் சர்க்கரை, அந்தப் புளிப்பை நாக்குக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. சர்க்கரை இல்லாத கோலாவிலும் அமிலம் அப்படியேதான் இருக்கிறது.

குமிழி: பல் விஷயத்தில் மறுக்க மாட்டேன். ஆனால் பாஸ்பாரிக்கை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்? எலுமிச்சைச் சுவைப் பானங்களில் வருவது சிட்ரிக் அமிலம். அது பல்லை அரிப்பதோடு கால்சியத்தையும் கவ்விக்கொள்ளும். பழத்தில் இருப்பதால் அதற்கு நல்ல பெயர்!

ஓரத்தில் நிற்பவன்: அப்போ வெறும் சோடா? அதுவும் சுரீரென்று குத்துகிறதே?

குமிழி: அது கார்பானிக் அமிலம், பலவீனமானது. அந்தக் குத்தல் குமிழி வெடிப்பதால் வருவதில்லை. கார்பன் டை ஆக்சைடை நாக்கிலுள்ள ஒரு நொதி அமிலமாக்குகிறது, அதுதான் குத்துகிறது. அழுத்தம் கூட்டிய அறையில், குமிழியே வராதபடி குடிக்க வைத்துப் பார்த்தார்கள். அப்போதும் குத்தியது. (என் புனைபெயருக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.)

ஆணிவேர்: பானம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பாட்டிலில் இருந்தால் பென்சீன் உருவாகலாம். அது புற்றுநோய் தரும் பொருள். இதற்கும் எலுமிச்சைக் கதை சொல்வீர்களா?

குமிழி: மாட்டேன். இது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். 2006 வாக்கில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சோதித்தபோது, சில பானங்களில் பென்சீன், குடிநீருக்கான வரம்பான 5 பிபிபி-யை (நூறு கோடியில் 5 பங்கு) தாண்டியிருந்தது. அப்புறம்தான் செய்முறையை மாற்றினார்கள். சூடும் வெளிச்சமும் பட்டால் பென்சீன் கூடும். வெயிலில் கிடந்த பாட்டிலை நானும் தொடுவதில்லை.

ஆணிவேர்: சரி, எலுமிச்சைச் சாற்றிலும் ஓர் ஆணி போட்டுவிட்டேன். நாளை இரண்டையும் படம் எடுத்துப் போடுகிறேன்.