1978 கமாரோவின் 5.7 லிட்டர் எஞ்சினை வீட்டில் இறக்கி ஏற்றுதல்: கியர்பாக்ஸோடு சேர்த்தா, தனியாகவா?

மிசிசாகாவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருக்கும் 1978ஆம் ஆண்டு செவ்ரோலே கமாரோவில் 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர் வி8 எஞ்சினும், டர்போ 350 என்னும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ளன. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட் தேய்ந்து எஞ்சின் திணறுகிறது. எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்கின் பின்பக்க சீலிலிருந்தும் ஆயில் கசிகிறது. எனவே இந்தக் குளிர்காலத்தில் எஞ்சினை முழுதாக இறக்கி, உள்வேலைகளை முடித்து, வசந்தத்துக்குள் திரும்ப ஏற்றிவிட எண்ணியிருக்கிறேன்.

என் கராஜில் ஒரு கார் மட்டுமே நிற்கும். தளம் கான்கிரீட், கூரை உயரம் எட்டடிக்குச் சற்றுக் குறைவு. 2 டன் மடக்குக் கிரேன் ஒன்றை வாடகைக்கு எடுக்க இருக்கிறேன். எஞ்சினைக் கியர்பாக்ஸோடு சேர்த்தே தூக்குவது நல்லதா, பிரித்துத் தனியாகத் தூக்குவது நல்லதா? திரும்ப ஏற்றும்போது எங்கே தவறு நேர வாய்ப்பு அதிகம் என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய இரும்பு எழுதியது:

உங்கள் கூரை உயரத்துக்குத் தனியாகத் தூக்குவதே சரி. கியர்பாக்ஸோடு சேர்த்தால் வால் பகுதி செங்குத்தாகச் சாய்ந்தால்தான் வெளியே வரும். அதற்கேற்ப எஞ்சினின் முன்பக்கமும் மேலே ஏறும், கிரேனின் கையோ கூரையில் முட்டும். இரும்பு சிலிண்டர் ஹெட்டுகளோடு எஞ்சின் மட்டுமே ஏறத்தாழ 260 கிலோ இருக்கும். 2 டன் கிரேன் என்பது அதன் கை மிகக் குட்டையாக இருக்கும்போது மட்டும்தான். முழு நீளத்துக்கு இழுத்துவிட்டால் பெரும்பாலானவற்றில் அது அரை டன் அளவுக்கு இறங்கிவிடும் என்பதால், கையில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பானெட், ரேடியேட்டர், ஃபேன் ஆகியவற்றைக் கழற்றுவது எல்லாருக்கும் தெரிந்ததே. ஏசி இருந்தால் அதன் குழாயை அவிழ்க்காமல், கம்ப்ரஸரை மட்டும் கழற்றி ஓரமாகக் கட்டி வையுங்கள். பலர் மறப்பது எஞ்சினின் பின்பக்கத்தைத்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் பெரிய மூடி, எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையில் உள்ள தடுப்புச் சுவரான ஃபயர்வாலை ஒட்டியே இருக்கும். எஞ்சின் சற்றுப் பின்னால் சாய்ந்தாலும் அது நொறுங்கும். ஆகவே டிஸ்ட்ரிபியூட்டரையும், அதன் அருகில் இருக்கும் ஆயில் பிரஷர் சென்சாரையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள். ஹெட்டின் பின்புறத்திலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் எர்த் பட்டையையும் அவிழ்க்க வேண்டும். திரும்ப மாட்ட மறந்தால், செல்ஃப் மோட்டாருக்கான மின்னோட்டம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்ப முயன்று கேபிளைச் சுட்டுவிடும்.

இனி முக்கியமானது, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர். அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றினால், கிராங்கின் பின்முனையில் உள்ள வட்டத் தகடான ஃப்ளெக்ஸ்பிளேட்டோடு அதை இணைக்கும் மூன்று போல்ட்டுகள் கிராங்கைச் சுற்றச் சுற்ற ஒவ்வொன்றாகத் தெரியும். அவற்றை எடுத்தபின் கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸ் பக்கமாகத் தள்ளி, முன்னால் நழுவாதபடி ஒரு பட்டையால் பிடித்து வையுங்கள். கியர்பாக்ஸின் முன்பகுதிக்குக் கட்டையும் ஜாக்கியும் கொடுத்த பிறகே, எஞ்சினோடு சேரும் கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்கின் ஆறு போல்ட்டுகளில் கை வைக்க வேண்டும்.

ஆறாம் கியர் எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்றாலும், சேர்த்துத் தூக்குவதை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். பெல் ஹவுசிங்கின் மேல் போல்ட்டுகளை, ஃபயர்வாலுக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கும் சந்தில் ஸ்பேனர் விட்டுக் கழற்றுவது பெரும் எரிச்சல். கியர்பாக்ஸின் குறுக்குச் சட்டத்தைத் தளர்த்திப் பின்பக்கத்தைச் சற்று இறக்கி, அடியிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் போட்டால்தான் பிடி கிடைக்கும். சேர்த்து எடுத்தால் அந்த வேலையையெல்லாம் தரையில் வைத்து, வெளிச்சத்தில், கண்ணால் பார்த்துச் செய்யலாம். சாய்மானத்தைத் திருகிச் சரிசெய்யும் லெவலர் ஒன்றைச் சங்கிலிக்கு நடுவில் மாட்டி, காரின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் உயர்த்தினால், கியர்பாக்ஸின் வால் தரையில் இடிக்காது. புரொபெல்லர் ஷாஃப்ட்டை உருவியதும் அந்த வாயில் ஒரு பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் சாயும் நேரத்தில் சிவப்பு ஆயில் தரையெங்கும் ஓடும்.

ஆனாலும் எட்டடிக்குக் குறைந்த கூரைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்னொன்று: எஞ்சின் ஸ்டாண்டு, எஞ்சினின் முக்கிய உடலான பிளாக்கின் பின்முகத்தில்தான் பொருந்தும் என்பதால், எஞ்சின் கிரேனில் தொங்கும்போதே ஃப்ளெக்ஸ்பிளேட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அப்போது அதன் கீழே கையையோ காலையோ நீட்டாதீர்கள்.

மிசிசாகாவாசி கேட்டது:

இருவருக்கும் நன்றி. தனியாகவே தூக்குகிறேன். ஏற்றும்போது கன்வெர்ட்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதை எப்படி உறுதிசெய்வது? முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பழைய இரும்பு எழுதியது:

கன்வெர்ட்டரை உள்நோக்கித் தள்ளியபடியே கையால் சுற்றுங்கள். இரண்டு மூன்று முறை "டொக்" என்று உள்ளே இறங்கும். எஞ்சினைக் கொண்டுவந்து, பிளாக்கின் பின்முகத்தில் இருக்கும் நேராகப் பொருத்த உதவும் இரண்டு டவல் பின்களும் துளைகளில் நுழைந்து, பெல் ஹவுசிங் பிளாக்கோடு இடைவெளியின்றி ஒட்டிய பிறகே போல்ட்டுகளை முடுக்க வேண்டும். ஒட்டாமல் இடைவெளி தெரிந்தால் போல்ட்டால் இழுத்துச் சேர்க்க முயலாதீர்கள். அந்த இழுப்பில் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடைந்துவிடும். ஒட்டியபின் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால் மூன்று போல்ட்டுகளையும் பூட்டலாம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன், டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக அதற்குரிய பிரைமிங் தண்டை விட்டு, டிரில் மெஷினால் கடிகார திசையில் ஆயில் பம்பைச் சுற்றுங்கள். வால்வுகளை அழுத்தும் பதினாறு ராக்கர்களிலும் ஆயில் தலைகாட்டும்வரை விடாதீர்கள். பிறகு முதல் சிலிண்டரின் பிளக் துளையில் விரல் வைத்துக் கிராங்கைத் திருப்புங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றில் டைமிங் குறி பூஜ்யத்துக்கு வரும்போது டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, அதற்குள் சுழலும் ரோட்டர் முதல் சிலிண்டரின் வயரைப் பார்த்து நிற்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர்களில் எரிபொருள் பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2. ரோட்டர் சுற்றுவது கடிகார திசையில்.

புதிய கேம்ஷாஃப்ட்டும் அதன்மேல் உரசி ஏறி இறங்கும் டேப்பெட்டுகளும் ஒன்றோடொன்று படியும் நேரம் முதல் இருபது நிமிடம்தான். எனவே துத்தநாகக் கலவை அதிகமுள்ள ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடாமல், 2000 முதல் 2500 ஆர்பிஎம்மில் சற்றே ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதற்கு முன் காரைக் கராஜுக்கு வெளியே தள்ளி நிறுத்திவிடுங்கள். மூடிய இடத்தில் இருபது நிமிடப் புகை உயிரைக் குடிக்கும்.