தாத்தா திதி – ஞாயிறு (குடும்பக் குழு)

சாந்தி அத்தை: துரை, நீ அனுப்பிய கேசட் பாட்டைக் கேட்டேன். அது அப்பா குரலா? பள்ளிக்கூடத்துப் பையன் பாடுகிற மாதிரி இருக்கிறது.

மீமீ: ஆமாம் அத்தை. வீடியோவில் சேர்த்தாலும் அப்படித்தான்.

செல்வம் அண்ணன் (மோல்மேன், பர்மா): என் டேப்பில் சரியாகத்தானே ஓடியது.

துரை: காரணம் தெரிந்துவிட்டது. அண்ணன் கேசட்டை லேப்டாப்பில் ஏற்றியது 44,100 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 ஒலி மாதிரிகள், அது சிடியின் அளவு. மீமீயின் வீடியோவுக்காக நான் திறந்த புராஜெக்ட் 48,000. மென்பொருள் மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொண்டதால் வேகமாக ஓடுகிறது. அங்கே 10 நிமிடம் ஓடிய பாட்டு இங்கே 9 நிமிடம் 11 நொடியில் முடிகிறது. சுருதியும் முக்கால் கட்டை ஏறிவிட்டது.

சாந்தி அத்தை: அதுதான்! ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பாவுக்கு எப்போதும் இரண்டு கட்டை. இது மூன்றை நெருங்குகிறது.

செல்வம் அண்ணன்: ஆர்மோனியம் உங்களிடமா இருக்கிறது?

சாந்தி அத்தை: அப்பா என் கையில் கொடுத்தது.

பாலு சித்தப்பா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். ஞாயிறு சாப்பாட்டுக்கு எத்தனை பேர்?

மீமீ: நான் நேற்று இழுத்து நீட்டினேன். நேரம் சரியாக வந்தது, குரல் மாறவில்லை.

துரை: நீட்டினால் நேரம் மட்டும்தான் மாறும், சுருதி அப்படியே நிற்கும், குரலும் குழைந்துவிடும். அதை எடுத்துவிடு. கோப்பு 44,100 என்று மென்பொருளுக்குச் சொல்லி, அப்புறம் 48,000-க்கு மாற்ற வேண்டும். ஆனால் இன்னொரு கோளாறு இருக்கிறது. மேலே போகும் இடமெல்லாம் கரகரப்பு. அண்ணா, டேப்பின் இயர்போன் ஒயரை மைக் துளையிலா சொருகினீர்கள்?

செல்வம் அண்ணன்: ஆமாம், வால்யூம் முழுசாக வைத்து.

துரை: மைக் துளைக்கு அது ரொம்ப அதிகம். ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிட்டது. அதை முழுதாக மீட்க எந்த மென்பொருளாலும் முடியாது. வால்யூமைக் கால் பங்குக்கு இறக்கி, ஒலி அளவு காட்டும் மீட்டர் -6 டெசிபெல்லைத் தாண்டாமல் மறுபடி எடுங்கள். வேவ் கோப்பாக, டாக்குமெண்டாக அனுப்புங்கள். முதலில் அனுப்பிய மாதிரி வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், அது சத்தத்தை நசுக்கிவிடும்.

செல்வம் அண்ணன்: 100 எம்பிக்கு மேல் வருமே. இங்கே நெட் இழுக்கிறது.

துரை: மோனோவில், ஒரே தடமாக எடுங்கள், பாதியாகும். அந்த டேப் மோனோதானே.

ராணி அக்கா (சென்னை): இது எந்த வருஷம் பாடியது? அப்பா 64-இல் கப்பல் ஏறிய பிறகு பெரியப்பா குரலை நாங்கள் கேட்டதே இல்லை.

பாலு சித்தப்பா: 1987-இல். 75 கியாட் நோட்டு செல்லாது என்று அறிவித்த சமயம். பாட்டுக்கு முன்னால் அதைத்தான் அம்மாவிடம் புலம்புகிறார்.

மீமீ: அந்தப் பேச்சை வெட்டிவிட்டேனே. பாட்டு மட்டும் போதும் என்று நினைத்தேன்.

சாந்தி அத்தை: வெட்டாதே கண்ணு. “அடுப்பை அணைச்சாச்சு, பாடுங்க” என்று அம்மா சொல்கிறாள் பார், அம்மா குரல் நமக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. அப்புறம் வளையல் சத்தம் கேட்கும்.

துரை: அப்படியென்றால் இரைச்சலையும் முழுசாக நீக்க மாட்டேன் அத்தை. அதிகம் நீக்கினால் வளையல் சத்தமும் சேர்ந்து போய்விடும். கேசட்டின் ‘ஸ்ஸ்’ கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ராணி அக்கா: இருக்கட்டும் தம்பி.

பாலு சித்தப்பா: கோயில் மண்டபத்தில் போடுவதா, வீட்டிலா?

சாந்தி அத்தை: வீட்டில்.

செல்வம் அண்ணன்: மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கிறது. வீட்டில் கரண்ட் போனால்?

பாலு சித்தப்பா: பேசிக்கொள்ளலாம்.

செல்வம் அண்ணன்: இங்கே ராத்திரி 9-க்குத்தான் கரண்ட் வரும். வந்ததும் எடுக்கிறேன். டேப்பின் பெல்ட்டும் தளர்ந்த மாதிரி தெரிகிறது, வேகம் குறைந்திருந்தால்?

சாந்தி அத்தை: எடுத்ததும் எனக்கு அனுப்பு. இரண்டு கட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். ஒட்டுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

செல்வம் அண்ணன்: சரி அத்தை. ஞாயிறு ஆர்மோனியத்தையும் எடுத்து வாருங்கள்.

சாந்தி அத்தை: வருகிறேன்.

பாலு சித்தப்பா: எத்தனை பேர் என்று இன்னும் யாருமே சொல்லவில்லை.