ஒரே மாதத்துக்கு இரண்டு விற்பனைத் தொகைகள்: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் ஒரே மென்பொருளிலிருந்து அறிக்கை எடுத்தும், ஒரே மாதத்துக்கு இரு வேறு தொகைகள் வருகின்றன. கணினி தவறாகக் கூட்டுகிறதா?

மறுமொழி 1: கூட்டலில் பிழை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. விற்பனைப் பிரிவு பெரும்பாலும் ஆர்டர் பதிவான தேதியையும், கணக்குப் பிரிவு பில் போட்ட தேதியையும் அடிப்படையாகக் கொள்ளும். ஆகவே 31ஆம் தேதி பதிவாகி மறுநாள் பில் போடப்பட்ட ஆர்டர், முதல் அறிக்கையில் இந்த மாதத்திலும் இரண்டாவதில் அடுத்த மாதத்திலும் இடம்பெறும். ரத்தான ஆர்டர்கள், திரும்பி வந்த சரக்கு, வரி ஆகியவை கழிக்கப்பட்டனவா என்பதையும் பாருங்கள். இந்த நிபந்தனைகளை யாரும் அறிக்கையோடு இணைத்துத் தருவதில்லை என்பதுதான் வேதனை.

மறுமொழி 2: மேற்கண்டது சரியே. அன்றாடப் பரிவர்த்தனைகளைப் பதியும் அமைப்பு வேறு, அவற்றைத் தொகுத்து மேலாளருக்குத் தரும் மேலாண்மைத் தகவல் அமைப்பு வேறு. பின்னது இரவில் மட்டும் புதுப்பிக்கப்படுமானால், பகலில் எடுக்கும் அறிக்கை பழையதாகவே இருக்கும். ஆகவே அறிக்கையை எடுத்தால் போதாது, அதை எடைபோடவும் வேண்டும். தகவலைக் கையாளும் அறிவு குறித்த அமெரிக்க நூலகச் சங்கத்தின் 1989ஆம் ஆண்டு அறிக்கை, தகவல் தேவையை உணர்தல், கண்டறிதல், மதிப்பிடுதல், பயன்படுத்துதல் ஆகிய திறன்களைக் குறிப்பிடுகிறது. அலுவலகங்களில் பெரும்பாலும் விடுபடுவது மதிப்பிடுதலே.

கேள்வி கேட்டவர்: நன்றி. மாதக் கடைசி நாளின் ஆர்டர்களை இரு அறிக்கைகளிலும் ஒப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.