புதுப்பிப்பு: இரும்புக்கு ஏன் இரண்டு இணைதிறன்கள்?

வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் நான்கு வரை இருந்தால் அந்த எண்ணே இணைதிறன் (ஓர் அணு பிற அணுக்களுடன் இணையும் திறனின் அளவு), அதைத் தாண்டினால் எட்டிலிருந்து கழிக்க வேண்டும் என்ற விதியை மட்டும் வைத்துக்கொண்டு, இரும்புக்கு 2, 3 என இரு இணைதிறன்கள் எப்படி வந்தன என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது விடை தெளிவாகியுள்ளது.

இரும்பின் 26 எலக்ட்ரான்கள் 2, 8, 14, 2 என அமைந்துள்ளன. வெளிக்கூட்டின் இரண்டும் நீங்கும்போது ஃபெரஸ் சேர்மங்களும் (இணைதிறன் 2), அவற்றோடு மூன்றாம் கூட்டின் டி-ஆர்பிட்டாலிலிருந்து (அக்கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் ஓர் உட்பகுதி) மேலும் ஒன்று நீங்கும்போது ஃபெரிக் சேர்மங்களும் (இணைதிறன் 3) உண்டாகின்றன. உட்கூடு வினையில் பங்கேற்காது என்று நான் எண்ணியிருந்ததே பிழை. சோடியம், மக்னீசியம் ஆகியவற்றை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு அந்த எண்ணம் எளிதில் வந்துவிடும்.

கழித்தல் விதியும் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. கந்தகத்துக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடில் இணைதிறன் 2 என்று அவ்விதி சரியாகவே சொன்னாலும், சல்ஃபர் ஹெக்சாஃபுளூரைடில் அதே கந்தகம் ஆறு ஃபுளூரின் அணுக்களுடன் பிணைந்து நிற்கிறது.

இன்னொரு திருத்தம்: இணைதிறனையும் ஆக்சிஜனேற்ற எண்ணையும் (பிணைப்பு எலக்ட்ரான்கள் அவற்றை அதிகம் ஈர்க்கும் அணுவுக்கே உரியவை என்று கொண்டால் ஓர் அணுவுக்கு வரும் மின்சுமை) முன்பு ஒன்றாகவே எழுதியிருந்தேன். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஒவ்வோர் ஆக்சிஜன் அணுவும் ஒரு ஹைட்ரஜனுடனும் மற்றோர் ஆக்சிஜனுடனும் பிணைந்திருப்பதால் அதன் இணைதிறன் 2. ஆனால் ஆக்சிஜன்களுக்கிடையிலான பிணைப்பின் எலக்ட்ரான்கள் இரண்டுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதால் ஆக்சிஜனேற்ற எண் -1 மட்டுமே.