படப் புத்தகம் எழுதி வரைபவர்களை நேரில் சந்தித்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

கொக்குவில் வாசகி

ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு எங்கள் வாசிகசாலையில் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். சிறுவர் படப் புத்தகத்தைத் தானே எழுதி, படமும் தானே கீறுகிற ஒரு ரீச்சரைக் கூப்பிட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம். அவர் கொண்டு வந்தது அச்சான புத்தகம் இல்லை, பென்சிலில் கீறி நூலால் தைத்த மாதிரி. ஆடு ஒன்று வேலிப் பொட்டுக்குள்ளால் அடுத்த வளவுக்குப் போகிற கதை. அவ்வளவுதான் கதை.

ஒரு பக்கத்தில் ஆட்டின் பின்பாதி மட்டும் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும். தலை எங்கே என்று தெரியாது. அவர் தாளைத் திருப்பப் போக, முன்னால் இருந்த ஒரு பொடியன் எழும்பி ஓடிவந்து தாளின் மேல் கையை வைத்துவிட்டான். "திருப்பாதேங்கோ ரீச்சர், ஆடு இன்னும் போகேல்லை." எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி, போகட்டும். போனாப் பிறகு நீ சொல்லு, திருப்புவம்" என்று சொல்லிப் புத்தகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். பொடியன் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிரித்தவர்களும் அடங்கிவிட்டார்கள். பிறகு அவனே கையை எடுத்து, "இப்ப திருப்புங்கோ" என்றான்.

புத்தகம் வந்ததும் ஓடிப்போய் வாங்கினேன். அந்தப் பக்கம் இல்லை! ஆடு வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, தாளைத் திருப்பினால் அடுத்த வளவில் நின்று வாழைக்கன்றைத் தின்கிறது. நுழைகிற நேரத்தையே காணோம். ஒரு பிள்ளை கையால் மறித்து வைத்த பக்கத்தை யார், ஏன் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அச்சுக்கூடத் தம்பி

அக்கா, அந்தப் புத்தகம் எங்களிடம் அடித்தது இல்லை. ஆனாலும் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஒரு பெரிய தாளின் இரண்டு புறமும் அடித்து மூன்று தரம் மடித்தால் 16 பக்கம் வரும். அப்படி இரண்டு மடிப்பு சேர்ந்தால் 32 பக்கம், படப் புத்தகத்துக்கு அதுதான் வழமையான அளவு. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்தை மட்டும் எடுக்க முடியாது. 32 இலிருந்து பெரும்பாலும் 24க்கு இறங்குவார்கள். எட்டுப் பக்கம் ஒன்றாகப் போகும். எந்த எட்டு என்று வரைந்தவர்தான் இருந்து தீர்மானிக்க வேண்டும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்களே, அதற்குப் பிறகு தாள் விலை கேட்டு எத்தனை பேர் புத்தகத்தைக் குறுக்கினார்கள் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

என்னுடைய கதை வேறு. ஒரு ஓவியர் ஐயா தன் புத்தகம் அடிக்கிற அன்று மெஷினடிக்கே வந்துவிட்டார். சேட்டுப் பையில் ஒரு பூவரசம் இலை. முதல் தாள் வந்ததும் இலையை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வேலி முழுக்கப் பூவரசங் கதியால், ஆனால் அச்சில் பச்சை மங்கிப் பழுப்படித்துக் கிடந்தது. கணினித் திரையில் தெரிகிற பச்சை நாலு மையில் அப்படியே வராது. "தம்பி, இது காய்ஞ்ச இலை எல்லே" என்றார். அந்த நாலில் மஜெந்தா என்கிற இளஞ்சிவப்பு மையைக் குறைத்தால் இலை தெளியும் என்றேன். குறைத்தேன். இலை அச்சொட்டாக வந்தது. ஆனால் அதே தாளில் அந்த வரிசையில் ஒரு பிள்ளையின் முகம் இருந்தது, அதற்கும் மஜெந்தா குறைந்து வெளிறிப் போய்விட்டது. காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரி.

அவர் இரண்டு தாளையும் மேசையில் விரித்துவிட்டு நின்றார். மெஷின் நின்றால் காசு. முதலாளி வாசலில் நின்று, "சின்னப் பிள்ளையளுக்கு இதெல்லாம் தெரியவே போகுது?" என்று குரல் கொடுத்தார். ஐயா திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில், "முகம் இருக்கட்டும். இலையை அதுகள் வேலியில பார்க்குங்கள்" என்று சொன்னார். அந்தப் புத்தகத்தை எங்கே கண்டாலும் நான் முதலில் இலையைத்தான் பார்க்கிறேன்.

ஸ்காபரோ தகப்பன்

நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்தோம். மத்தியான வெயில். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, மணல் சுடச் சுடக் கால் மாறிக் கால் துள்ளிக்கொண்டு நின்றாள். வீதியோரம் ஒரு பெண் குந்தியிருந்து சின்னக் கொப்பியில் வரைந்துகொண்டிருந்தார். "பிள்ளை, இன்னொருக்கா அப்பிடி நில்லுங்கோ" என்றார். மகள் நின்றாள். எட்டிப் பார்த்தேன், பக்கம் முழுக்கப் பாதங்கள். முகமே இல்லை. சிறுவர் புத்தகம் செய்கிறாராம். இரண்டு வார்த்தை கதைத்தோம், பிறகு சனம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

பிறகு தங்கச்சி ஒரு புத்தகம் அனுப்பினாள். ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னலோடு ஒரு ஊர்ப் பிள்ளை கோயில் வீதியில் நிற்கிறாள். ஒரு காலை மற்றக் காலின் மேல் ஏற்றி, பெருவிரலை உள்ளே மடித்துக்கொண்டு. மகள் கண்டதும், "அப்பா, இது என்ர கால்" என்றாள். அவளுடைய கால்தான், தகப்பனுக்குத் தெரியாதா? முகமும் சட்டையும் அங்கே வளர்ந்த பிள்ளையுடையவை. கால் மட்டும் அந்த மணலுக்குப் பழகாத கால். எனக்குக் கோபம் இல்லை, சந்தோசம் என்றும் சொல்ல முடியவில்லை. எங்களிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமோ என்றும் படுகிறது.

மானிப்பாய் ஓய்வுநிலை ஆசிரியர்

கொக்குவில் வாசகி எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பொடியன் கை வைத்தான் என்பதற்காக ஒரு பக்கம் நிற்க வேண்டியதில்லை. பாடசாலையில் ஒரு எழுத்தாளரை நானும் ஒருநாள் வரவேற்றேன். அவர் வாசித்துக்கொண்டு போக, பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கதையை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அவர் முகம் கறுத்துப் போனது. எழுதியதையே படமும் சொன்னால் இதுதான் நடக்கும்.

ஆகவே புதிதாகச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். "மழை பெய்தது" என்று எழுதிவிட்டு மழையை வரையாதீர்கள். மழையை வரைந்தால், பிள்ளை எங்கே போய் ஒதுங்கினாள் என்று எழுதுங்கள். முதலில் எல்லாப் பக்கத்தையும் முத்திரை அளவில் ஒரே தாளில் கீறிப் பாருங்கள், ஆடு எங்கே நிற்க வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். பிறகு தாளை மடித்து மாதிரிப் புத்தகம் செய்து, திருப்பித் திருப்பி வாசியுங்கள். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் படம் வரைந்தால் நடு மடிப்பில் கண்ணும் மூக்கும் விழாமல் பாருங்கள், தைத்த பிறகு மூக்கைக் காணாது. அச்சான பிறகு ஓரம் வெட்டுவதற்கு எல்லாப் பக்கமும் மூன்று மில்லிமீற்றர் கூடுதலாக வரைய வேண்டும். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், எங்களுடைய சொற்கள் நீளம், வரி முடிவில் சொல்லை உடைத்தால் சின்னப் பிள்ளை தடுக்கி விழும். எழுத்துக்கு இடம் விட்டுப் படம் வரையுங்கள், படத்தின் மேல் எழுத்தைப் போட்டுவிட்டு வாசிக்க முடியவில்லை என்று அழாதீர்கள். புத்தகத்துக்கான அடையாள எண்ணை, அதாவது ஐ.எஸ்.பி.என். எண்ணை, கொழும்பில் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. அதை எடுக்காமல் அடித்துவிட்டு நூலகங்கள் வாங்கவில்லை என்று குறை சொல்லக்கூடாது. இன்னொன்று, எழுதுகிறவர் ஒருவர், வரைகிறவர் ஒருவர் என்று இருப்பதுதான் நல்லது. இரண்டையும் ஒரே ஆள் செய்தால் பிழை பிடிக்க ஆள் இல்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிக்கூழையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாட்டிலேயே கண்முன் கொண்டுவந்தார், அதற்கு அவருக்குத் தூரிகை தேவைப்படவில்லை.

கொக்குவில் வாசகி

சேர், மரியாதையோடு சொல்கிறேன். நான் ஆலோசனை கேட்கவில்லை. இரண்டையும் ஒரே ஆள் செய்யக்கூடாது என்றால் சிங்களச் சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவை என்ன செய்வது? 1956இல் வந்த குடைத் திருட்டுக் கதையைத் தானே எழுதித் தானே வரைந்தவர். அவர் பிறந்த கிந்தோட்டைக் கிராமம் அவர் கையில் இருந்ததால்தான் குடை திருடுகிற அந்தக் குரங்கு அப்படி வந்தது. ஆட்டை நிறுத்தி வைக்கத் தெரிந்ததும் ரீச்சர் இரண்டையும் செய்ததால்தான். அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. எழுதுகிறவர் வேறு ஆள் என்றால் சொல் இல்லாத பக்கத்தை எப்படி எழுதிக் கொடுப்பார்?

மீசாலையான்

நீங்கள் எல்லாரும் அச்சைப் பற்றிக் கதைக்கிறீர்கள். 1995 ஒக்டோபர் 30 போர் இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டு வந்த சனத்தால் எங்கள் பள்ளிக்கூடம் நிரம்பியிருந்தது. வகுப்புகள் மாமரத்துக்குக் கீழ். பொருளாதாரத் தடையில் பத்திரிகைகளே கொப்பித் தாளில் அச்சான காலம். வலிகாமத்திலிருந்து வந்த ஒரு சித்திர வாத்தியார், பழைய பரீட்சைத் தாள்களின் வெறும் பக்கத்தில் ஒரு கதைப் புத்தகம் செய்தார். கறுப்புக்கு அடுப்புக்கரி, மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்குச் சேலைக்குப் போடுகிற நீலம். சீமெந்துப் பைத் தாளில் அட்டை. ஒரேயொரு பிரதி. எங்கள் முறை வருவதற்கு வரிசையில் நிற்போம்.

கதை ஒரு கிணற்றைப் பற்றியது. துலா, கப்பி இல்லாத வாளி, பக்கத்தில் கமுகு. ஒருநாள் கிணற்றுப் பக்கத்தைக் காணவில்லை. எங்களோடு படித்த ஒரு பிள்ளை கிழித்து மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தாள். வாத்தியார் கூப்பிட்டார். அடி விழப் போகிறது என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். "ஏன் பிள்ளை கிழிச்சனீ?" என்று கேட்டார். "இது எங்கட கிணறு சேர்" என்றாள். அவர் அதை அவளே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கே வேறு தாளில் வேறொரு கிணற்றைக் கீறி இடையில் தைத்தார். இந்த முறை துலா இல்லை, கப்பி போட்ட கிணறு. கதைக்கு அது பொருந்தவில்லை, துலா முறிவதுதான் கதையே. அவர் கதையையும் மாற்றி எழுதினார்.

வாத்தியார் பிறகு எங்கே போனார் தெரியாது. புத்தகம் யாரிடம் போனது என்றும் தெரியாது. அந்த வகுப்பில் இருந்த யாராவது இதை வாசித்தால் எழுதுங்கள்.

அச்சுக்கூடத் தம்பி

மீசாலை அண்ணை, கிடைத்தால் கையில் வைத்திருக்காமல் நூலகம் நிறுவனத்திடம் கொடுங்கள், ஸ்கான் செய்து வலையில் போடுவார்கள். 2005இலிருந்து அந்த வேலைதான் செய்கிறார்கள். கரி கை பட்டால் உதிரும், மஞ்சள் வெளிச்சத்தில் வெளிறிவிடும்.

தூரிகை

நான் இந்த வேலை செய்கிறவள். ஸ்காபரோ அண்ணை சந்தித்தது என்னை இல்லை. ஆனால் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்டுத்தான் இருக்க வேண்டும் அண்ணை. பிள்ளையை வரைந்தால் தாய் தகப்பனிடம் கேட்பது முறை. அதே நேரம், பாதங்களைப் பார்த்து வரையாமல் நினைவிலிருந்து வரைகிற புத்தகங்களில் எல்லாப் பிள்ளையும் ஒரே கட்டைக் காலோடு நிற்கும். உங்கள் மகளுடைய கால் அந்தப் பக்கத்துக்கு உயிர் கொடுத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

பகலில் பள்ளிக்கூடம், இரவில் குசினி மேசையில் வரைதல். நீர்வர்ணத்துக்கு ஏற்ற தடித்த தாளைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். ஒரு தாளில் சாயம் பரவினால் அந்த இரண்டு பக்கமும் முதலிலிருந்து. காசு ஒரு தொகையாக ஒருமுறை வரும், சில இடத்தில் காசுக்குப் பதில் பிரதிகள். அது பரவாயில்லை.

எனக்கு ஆறாதது வேறு. புத்தகக் கண்காட்சியில் மேசையடியில் நின்றேன். ஒரு அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் வந்தார்கள். பிள்ளை என்னுடைய புத்தகத்தை எடுத்து வாயசைத்து வாசிக்கத் தொடங்கினாள். அம்மம்மா விலையைக் கேட்டுவிட்டு, பக்கத்து மேசையில் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் கட்டை எடுத்தார். காசு எண்ணுகிற நேரத்துக்குள் பிள்ளை வேகம் வேகமாகத் திருப்பினாள், முடிவு தெரிந்துவிட வேண்டும் என்று. கடைசித் தாளுக்கு முந்தினதில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முற்றவெளிப் பக்கம் சனத்துக்குள் காணவில்லை. அந்த அம்மம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், இருந்த காசுக்கு எது சோறு போடும் என்று பார்த்தார். பிள்ளைக்கு முடிவு தெரியாது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

மானிப்பாய் ஓய்வுநிலை ஆசிரியர்

தூரிகை மகளே, முடிவைப் பின்னட்டையில் குறிப்பாகக் காட்டலாமே. அடுத்த பதிப்பில் யோசிக்கலாம். அம்மம்மாக்களுக்கு விலையைவிட, பாடத்துக்கு உதவுமா என்பதுதான் கேள்வி. பின்னட்டையில் அதையும் ஒரு வரி போட்டால் விற்கும்.

தூரிகை

முடிவைப் பின்னட்டையில் போட மாட்டேன் சேர்.

பருத்தித்துறைத் தாய்

எங்கள் மகன் படித்த முன்பள்ளிக்கு ஒரு படப் புத்தக எழுத்தாளர் அக்கா வந்தா. வாசித்து முடிந்ததும் பிள்ளைகளை மயில் கீறச் சொன்னா. மகன் மயிலுக்கு நாலு கால் போட்டான். பராமரிக்க நின்ற மிஸ் அழிறப்பரோடு வரிசையாக வந்து, இரண்டு காலை அழித்துவிட்டார். பக்கத்துப் பிள்ளையின் சிவப்புத் தோகையையும் அழிக்கப் போனார். அந்த அக்கா நடந்து வந்து, "மிஸ், அதை ஒருக்கா தாங்கோ" என்று அழிறப்பரைக் கேட்டு வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுச் சிப்பை இழுத்துவிட்டா. மிஸ்ஸுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அக்கா மகனுக்குப் பக்கத்தில் குந்தி, "மற்ற ரண்டு காலும் எங்கை போட்டுது?" என்று கேட்டா. அவன் திரும்பக் கீறினான், முந்தினதைவிட நீளமாக. ஓடுகிற மயிலாம்.

போகும்போது அழிறப்பரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அடுத்த கிழமை முன்பள்ளியில் பெற்றோரிடம் பென்சில், அழிறப்பர் எல்லாம் கேட்டார்கள். நான் பென்சில் மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.