தீவுகள் ஒரே நிரையிலா, தனித்தனி நிரைகளிலா?

உவர்மலையான்:
திருகோணமலைக் கரையோரத் தீவுகளையும் இறங்குதுறைகளையும் படகுப் பாதைகளையும், நில வடிவங்களைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஸ் தரவுத்தளத்தில் ஏற்றி வருகிறோம். அட்டவணையில் வடிவத்துக்கான நிரலை (column) ஜியோமெட்ரிகலெக்ஷன், அதாவது பலவகை வடிவங்களின் தொகுப்பு, என்று அறிவித்துவிட்டால், ஓர் இடத்துக்குரிய புள்ளி, கோடு, பரப்பு மூன்றும் ஒரே நிரையில் (row) அடங்கிவிடும். இதில் என்ன குறை?

கொட்டியாரன்:
குறை அந்த வசதியிலேயே இருக்கிறது. பரப்பு இருக்க வேண்டிய இடத்தில் யாரேனும் கோட்டை மட்டும் கொண்ட தொகுப்பை ஏற்றினாலும் அந்த நிரல் ஏற்றுக்கொள்ளும். பரப்பை மட்டும் எடுக்க ஒவ்வொரு முறையும், தொகுப்பிலிருந்து ஒரு வகையைப் பிரித்தெடுக்கும் எஸ்டி_கலெக்ஷன்எக்ஸ்ட்ராக்ட் கட்டளையை எழுத வேண்டும். வரைபடத் தரவைப் பரிமாறும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவில் ஒருவர் கேட்டாரோ, வேலை இரட்டிப்பாகும். அதில் ஒரு கோப்புக்கு ஒரே வகைதான். 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவு, பெரியதும் சிறியதுமாக இரு தீவுகளைக் கொண்ட ஒரே பூங்கா என்பதால், பல பரப்புகளை ஒரே வடிவமாக வைக்கும் மல்டிபொலிகனே அதற்குப் பொருந்தும்.

உவர்மலையான்:
அப்படியானால் துறைமுகத்துக்குள் இருக்கும் சோபர் தீவையும் அதனோடு சேர்த்துத் "தீவுகள்" என்று ஒரே நிரையாக்கலாமே?

கொட்டியாரன்:
கூடாது. தேடலை விரைவாக்கும் ஜிஸ்ட் இன்டெக்ஸ் வடிவத்தையல்ல, அதைச் சுற்றிய செவ்வகத்தையே வைத்திருக்கிறது. நிலாவெளிக்கு அப்பாலுள்ள தீவையும் துறைமுகத் தீவையும் ஒரே நிரையில் கட்டினால், அச்செவ்வகம் இடையிலுள்ள கரைத் துண்டையும் கடலையும் விழுங்கிவிடும். விடை தவறாகாது, ஆனால் இரண்டிலும் படாத தேடல்கூட முழு வடிவத்தையும் சரிபார்த்த பிறகே அந்த நிரையைக் கழிக்கும். பெயரும் நிர்வாகமும் ஒன்றாக இருந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும்.

நிலாவெளியாள்:
இருவரோடும் எனக்கு உடன்பாடில்லை. வரைபடத்தில் சிறிய தீவைத் தொடுபவருக்குச் சிறிய தீவின் விவரம் வர வேண்டும்; மல்டிபொலிகனில் உறுப்புகளுக்குத் தனிப் பெயர் கிடையாது, வரிசை எண் மட்டுமே உண்டு. பிறகு எஸ்டி_டம்ப் கட்டளை கொண்டு அதை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கத்தான் போகிறோம் என்றால், தொடக்கத்திலேயே தீவுக்கு ஒரு நிரை வைத்து, பூங்காவின் எண்ணைப் பக்கத்து நிரலில் எழுதினால் போதும். பூங்கா முழுவதும் வேண்டியபோது எஸ்டி_கலெக்ட் கட்டளை சேர்த்துத் தரும்.

கொட்டியாரன்:
உறுப்புக்குத் தனி விவரம் உண்டென்றால் உங்கள் முறையே சரி. இல்லையென்றால் அது வீண் இணைப்பு.

உவர்மலையான்:
கலெக்ஷனைக் கைவிடுகிறேன். இதையே மைஎஸ்கியூஎல் 8 என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாற்றினால் ஏதும் சிக்கல் வருமா?

நிலாவெளியாள்:
வரும். அகலக்கோடு, நெடுங்கோடு கொண்டு இடத்தைக் குறிக்கும் 4326 என்ற எண்ணுடைய ஆள்கூற்று முறையில் போஸ்ட்ஜிஸ் நெடுங்கோட்டையும், மைஎஸ்கியூஎல் 8 அகலக்கோட்டையும் முதலில் எதிர்பார்க்கின்றன. நம் ஊரின் நெடுங்கோடு ஏறத்தாழ 81 பாகை. அது அகலக்கோடாகவும் செல்லுபடியாகும் எண் என்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராது, புறாத்தீவு சத்தமில்லாமல் ஆர்க்டிக் கடலில் போய் நிற்கும். நிரலை அறிவிக்கும்போதே ஆள்கூற்று முறையின் எண்ணான எஸ்ஆர்ஐடியையும் குறிப்பிடுங்கள். இல்லையென்றால் அங்கே இன்டெக்ஸ் இருந்தும் தேடலுக்குப் பயன்படாது.