பத்து கிலோமீட்டர் போனதும் ஜீப் இழுக்க மறுக்கிறது: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கெடிலக்கரையான்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2001-இல் பதிவான டீசல் ஜீப். நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது, பழைய மெக்கானிக்கல் பம்ப். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், வாழைத் தோட்டம் கேப்பர் மலைக்கு மேலே ராமாபுரத்துப் பக்கம். போகும்போது உர மூட்டை, வரும்போது வாழைத்தார். பல வருடமாக முகம் சுளிக்காமல் ஏறிய வண்டி.

இரண்டு மாதமாக இழுவை இல்லை. புறப்பட்டதும் நன்றாகத்தான் ஓடுகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பிறகு மெல்லச் சோர்ந்துபோகிறது. மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது முதல் கியர் கேட்கிறது. மிதியைத் தரையோடு அழுத்தினாலும் பயனில்லை. புகை வரவில்லை, இன்ஜின் சூடேறவும் இல்லை. ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து, டீசல் ஃபில்டரையும் மாற்றியாகிவிட்டது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம்) போய்விட்டது, இன்ஜினை இறக்கிச் சிலிண்டரைக் கடையும் போர் வேலை செய்ய வேண்டும்" என்கிறார். அறுபதாயிரம் ஆகுமாம். ஆர்.சி. புதுப்பிக்கும் நாளும் நெருங்குகிறது. இந்த வண்டிக்கு இனிமேல் அவ்வளவு போடலாமா?

பண்ருட்டிக்காரன்:
டீசலில்தான் கோளாறு. வேறு பங்க்கில் போட்டுப் பாருங்கள்.

கெடிலக்கரையான்:
அதையும் பார்த்துவிட்டேன். விலை குறைவு என்பதால் நம் ஊர்க்காரர்கள் எல்லாரையும் போல நானும் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் கன்னியகோயிலில்தான் டேங்க்கை நிரப்புகிறேன். அங்கிருந்து திரும்பும்போது ஆல்பேட்டை வரை வண்டி பறக்கிறது. மலையடிவாரம் வந்ததும் படுத்துவிடுகிறது. ஒரே டீசல் பாதி வழியில் கெட்டுப்போகுமா?

வில்லியனூர் பட்டறை:
ஐயா, கொஞ்சம் பொறுங்கள், இன்ஜினை இறக்க வேண்டாம். கம்ப்ரஷன் போன டீசல் இன்ஜின் விடியற்காலையில்தான் அடம் பிடிக்கும். செல்ஃப் நெடுநேரம் சுற்றும், வெள்ளைப்புகை தள்ளும், சூடேறிய பிறகு ஓரளவு தெளியும். உங்கள் வண்டி இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது.

கரும்புகை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகுகிறது. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. புகையே இல்லாமல் சோர்ந்தால் இன்ஜினுக்குச் சாப்பாடு போகவில்லை என்று பொருள்.

கிளட்சை மட்டும் முதலில் சோதித்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் அணைந்தால் கிளட்ச் நலம். அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் நழுவுகிறது. ஓடி வந்ததும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது.

இனி மூன்று கேள்விகள். நிறுத்தி ஓய்வு கொடுத்தால் இழுவை திரும்புகிறதா? தொல்லை எப்போது சீக்கிரம் வருகிறது, டேங்க் நிறைந்திருக்கும்போதா, குறைந்திருக்கும்போதா? இரண்டு மாதத்துக்கு முன் வண்டியில் எதை மாற்றினீர்கள்? சின்னப் பொருளாக இருந்தாலும் சொல்லுங்கள்.

முதுநகர் லாரிக்காரர்:
தம்பி, பட்டறைக்காரர் சரியான இடத்தில்தான் கை வைக்கிறார். டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் குழாயையும் பாருங்கள். வெளியே புதிதுபோல் இருக்கும். உள்ளே தோல் உரிந்து வழியை அடைத்திருக்கும். எனக்கு அப்படி ஒரு குழாய் மூன்று நாள் வாடகையைத் தின்றது.

கெடிலக்கரையான்:
கிளட்சை விட்டதும் அணைந்துவிட்டது. சக்கரங்களிலும் குறையில்லை. டீக்கடையில் கால்மணி நேரம் நின்றால் மறுபடி இழுக்கிறது, உண்மைதான். டேங்க் நிரம்பியிருக்கும்போதுதான் சீக்கிரம் சோர்கிறது. கால் டேங்க் இருந்தால் வெகுதூரம் தாங்குகிறது. இது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. மாற்றியது என்று எதுவும் இல்லை. தெருவில் டீசல் திருடுகிறார்கள் என்று டேங்க்குக்குப் பூட்டு மூடி வாங்கிப் போட்டேன், அவ்வளவுதான்.

வில்லியனூர் பட்டறை:
அதுதான் ஐயா! பழைய மூடியில் காற்று போக நுண்ணிய துளை இருந்திருக்கும். டீசல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்ப வேண்டும். வழியில்லையென்றால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. டேங்க் நிரம்பியிருந்தால் மேலே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். ஒரு லிட்டர் குறைந்தாலே வெற்றிடம் பலமாகிவிடும். கால் டேங்க்கில் அந்த ஒரு லிட்டர் பெரிதாகத் தெரியாது. சில வண்டிகளில் இதற்கென்று தனிக் காற்றுக்குழாய் இருக்கும். உங்கள் வண்டி மூடியை மட்டுமே நம்பியிருக்கிறது போலும்.

அடைபட்ட குழாயாக இருந்தால் டேங்க்கில் டீசல் எவ்வளவு என்று பார்த்து நடந்துகொள்ளாது. அடுத்த முறை சோர்ந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு, உடனே மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள்.

கெடிலக்கரையான்:
இன்று காலை மலையேற்றத்தில் வழக்கம்போல் படுத்தது. ஓரமாக நிறுத்தி, சாவியைப் போட்டு மூடியைத் திருப்பினேன், அசையவில்லை. மூடியின் ரப்பர் வளையம் டேங்க்கின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டைச் சுற்றிப் பிடித்து இழுத்ததும் "புஸ்" என்று நீளமாக ஒரு மூச்சு, வெளியிலிருந்து உள்ளே. பக்கத்தில் நின்ற தோட்டத்து ஆள் டயரைத்தான் குனிந்து பார்த்தார். மூடியை மறுபடி போட்டுக் கிளம்பினேன். எட்டு மூட்டையோடு இரண்டாவது கியரில் ஏறிவிட்டது.

ஆனால் பழைய மூன்றாவது கியர் இன்னும் வரவில்லை. பூட்டு மூடியில் நானே ஒரு துளை போட்டுக்கொள்ளலாமா?

வில்லியனூர் பட்டறை:
வேண்டாம். மழைத்தண்ணீர் அந்தத் துளை வழியே டீசலில் இறங்கும், பம்ப்புக்கு அதைவிடக் கேடு இல்லை. காற்றுவழி உள்ள மூடி என்று கேட்டு வாங்குங்கள், பூட்டோடும் கிடைக்கும். டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீர் இருந்தால் வடித்துவிடுங்கள்.

மீதிக் குறைக்கு: ஒருவரை உட்காரவைத்து மிதியை முழுக்க அழுத்தச் சொல்லி, மிதியோடு சேர்ந்து அசையும் டீசல் பம்ப்பின் லீவர் கடைசித் தடுப்பைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

கெடிலக்கரையான்:
தொடவில்லை. என் விரல் நுழையும் அளவு இடைவெளி. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: சேறு ஒட்டாமல் இருக்க மனைவி போட்டுவைத்த தென்னைநார் விரிப்பு, மடிந்து மிதிக்கு அடியில் கிடந்தது. எடுத்துவிட்டேன், லீவர் தொடுகிறது, மூன்றாவது கியரும் வந்துவிட்டது. ஃபில்டரிலிருந்து அரைக் குவளைத் தண்ணீர் வடிந்தது. மூடி இருநூற்றைம்பது ரூபாய். மெக்கானிக்கிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போகலாம் என்றிருக்கிறேன்.